ஒப்பந்த நோயாளி

பேச முடியாதவர்களைப் பேச வைப்பதற்காக நடத்தப்பட்ட அந்தக் கல்லூரியில் முதல் விதி, யாரும் பேசக் கூடாது என்பது. வாசல் வளைவில் 'ஒவ்வொரு குரலும் எங்களுக்கு முக்கியம்' என்று கல்லில் பொறித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே, பெயின்டில், 'அமைதி காக்கவும்'. இரண்டையும் படித்துவிட்டு உள்ளே போன யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. சிரிக்க யாரிடம் அனுமதி வாங்குவது என்று தெரியாமல் விட்டிருக்கலாம்.

ஐம்பது வயதைத் தாண்டி, தோளில் புதுப் பையோடு அந்த வாசலில் போய் நின்றவரைப் பணிமனையிலும் தெருவிலும் கண்டக்டர் என்றே சொல்வார்கள். வாலிப வயதிலிருந்து பஸ்ஸில் "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை அவருடையது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கல்லூரியில் சேரப் போகிறார் என்று தெரிந்ததும் டிரைவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "காலேஜுக்குப் போறியா? முதல்ல தலைக்குச் சாயம் அடிச்சுக்கோ. இல்லேன்னா பிரின்சிபால்னு நெனச்சு எல்லாரும் எந்திரிச்சு நிக்கப் போறாங்க" என்றார் ஒருவர். கண்டக்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். காரணத்தைச் சொல்லிச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

காரணம் வீட்டில் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை..." என்று ஆரம்பித்த மனைவி, சொல்லி முடிக்காமலே சுவரோரமாகச் சரிந்தாள். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. உள்ளே இருந்த அத்தனை சொற்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட, 'குடை' மட்டும் எப்படியோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

மற்றவர்கள் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில்தான் ஒரே பதில். பசித்தால் குடை. வலித்தால் குடை. பக்கத்து வீட்டுக்காரி வம்பு பேச வந்தால், போதும் கிளம்பு என்பதற்கும் குடை. ஒரு சொல்லை இழுத்தும் குறுக்கியும் மிதித்தும் தடவியும் அவள் ஒரு குடும்பத்தையே நடத்தினாள். கண்டக்டருக்கு ஒவ்வொன்றும் தெரியும். கேள்விக் குடை வேறு, கோபக் குடை வேறு. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குடை வரும். அது 'வந்துட்டீங்களா'.

பேச்சுப் பயிற்சி கொடுத்தால் மீதியும் திரும்பி வரலாம் என்றார் டாக்டர். ஆனால் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பயிற்சியாளர் அறைக்கு வெளியே, வாய் இருந்தும் பேச்சு இல்லாத மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டருக்கு அந்த வரிசையைப் பார்க்க மனசு தாங்கவில்லை. "இத்தன வருஷம் சும்மாவே கத்தியாச்சு. இனிமே ஒரு நாலு பேரப் பேச வச்சுட்டுப் போறேன். முதல்ல உன்ன" என்று மனைவியிடம் சொன்னார். அவள் இடது கையால் அவர் தாடையைத் தட்டி, "குடை" என்றாள். போய்ட்டு வாங்க என்று அர்த்தம்.

முதல் நாள் முதல்வர் 'செவிமடுத்தல்' என்ற தலைப்பில் வரவேற்புரை நிகழ்த்தினார். "பிறர் சொல்வதைக் கேட்பதே நம் தொழிலின் உயிர்நாடி" என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் உயிர்நாடியை விடவில்லை. இடையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "கேள்விகளுக்கு நேரமில்லை. நான் இன்னும் கேட்பதன் அவசியத்தை முடிக்கவில்லை" என்றார் முதல்வர். கண்டக்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போது அவருக்கு எல்லாமே பாடமாகத் தெரிந்தது.

சிக்கல் செய்முறை வகுப்பில் வந்தது. கல்லூரியில் ஒப்பந்த நோயாளி என்று ஒரு பதவி இருந்தது. ஒரு பழைய மேடை நடிகர் அதில் இருந்தார். பேச்சிழந்தவராக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்துப் பழகுவார்கள். அந்த வருஷம் அவருக்குத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வசனம் பேசும் வேடம் கிடைத்துவிட, வேலையை விட்டுப் போய்விட்டார். துறைத்தலைவி இடுப்பில் கை வைத்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் மீசை அரும்பாத பையன்களும் சடை போட்ட பெண்களும். பாடத்திட்டத்தில் 'நோயாளி, ஐம்பது வயதுக்கு மேல்' என்று இருந்தது. அவர் பார்வை கண்டக்டரிடம் வந்து நின்றது. வகுப்பின் பார்வையும் கூடவே வந்து நின்றது.

"இந்த ஒரு வாரம் மட்டும் உக்காருங்க. புது ஆள் வந்ததும் நீங்க இந்தப் பக்கம் வந்துடலாம்" என்றார் துறைத்தலைவி.

கண்டக்டர் உட்கார்ந்தார். ஒரு மாணவி எதிரே வந்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். அவர் பேசாமல் இருந்தார்.

"இப்படி மரம் மாதிரி இருந்தா பிள்ளைங்க எத வச்சு மதிப்பீடு பண்ணும்? ஏதாவது சொல்லணும் நீங்க. ஒரே சொல்லு சிக்கிக்கிட்டுத் திரும்பத் திரும்ப வர்ற கேஸ் இருக்கே, அது செய்யுங்க" என்றார் துறைத்தலைவி.

கண்டக்டர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார், நாற்காலி என்றோ சன்னல் என்றோ. வாயில் வந்தது "குடை".

துறைத்தலைவியின் முகம் மலர்ந்தது. "அற்புதம்! எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க" என்றார். வகுப்பே குனிந்து எழுதியது.

ஒரு வாரம் ஒரு பருவமாயிற்று. பருவம் வருஷமாயிற்று. புது நோயாளியைத் தேட ஒரு குழு போட்டிருந்தார்கள். பேச்சிழந்தவர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று அந்தக் குழு வருத்தத்தோடு அறிக்கை கொடுத்தது. காலையில் தியரி வகுப்பில் மாணவராக இருக்கும் கண்டக்டர், மதியம் செய்முறை அறையில் நோயாளியாவார். அறையின் ஒரு பக்கம் பெரிய கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் மாணவர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கவனிப்பார்கள். கூடப் படித்தவர்கள் பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். கண்டக்டர் பயிற்சி வாங்கக் கற்றுக்கொண்டார்.

அதிலும் திட்டு வாங்கினார். எதிரே இருந்த பெண் திணறித் திணறிக் கண் கலங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் "தண்ணி" என்று சொல்லிவிட்டார். சின்னப் பெண், சந்தோஷப்பட்டுப் போகட்டுமே என்றுதான். துறைத்தலைவி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"உங்கள யாரு குணமாகச் சொன்னது? தண்ணி அடுத்த பருவத்துலதான் வருது! இப்பவே நோயாளி குணமாயிட்டா மீதிப் பாடத்த நான் யாருக்கு நடத்துறது?"

"இல்ல மேடம், அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்துச்சு."

"யார் நல்லா சொல்லிக் கொடுத்தாலும் பாடத்திட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நல்ல நோயாளிக்கு ஒழுக்கம் முக்கியம், அங்கிள்."

கண்டக்டர் மறுநாளிலிருந்து ஒழுக்கமாக இருந்தார். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பருவத்தில் மதிப்பெண் குறைந்தது. நோயாளியை அவசரப்படுத்தியதாகக் குறிப்பு எழுதினார்கள்.

வீட்டில் அவர் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மனைவி ஒற்றைக் கையால் அவருடைய வெள்ளைக் கோட்டை மேஜையில் பரப்பி, முழங்கையால் ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு, இஸ்திரி போட்டுத் தருவாள். சுருக்கம் போக நேரமாகும். விடமாட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள வரும் அவள் தங்கச்சி, "குடு அக்கா, நான் போடுறேன்" என்றால் ஒரு கோபக் குடை விழும். சாயங்காலம் அவர் வந்ததும் எதிரே உட்கார்ந்து, கண்ணை விரித்து, "குடை?" என்பாள். இன்னிக்கு என்ன படிச்சீங்க?

"இன்னிக்கு ஒருத்தருக்கு நானே பயிற்சி கொடுத்தேன்" என்பார் கண்டக்டர்.

"குடை?"

"ம். கொஞ்சம் பேசுனாரு."

அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். பொய் சொல்வதில் அவருக்குப் பழக்கமில்லை. அவள் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் மற்றவர்கள் முன்னால் போட்டுக் காட்டுகிறோம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அவளுக்காகத்தானே எல்லாம்.

இரண்டாம் ஆண்டில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கல்லூரியின் கீழ்த்தளத்தில் இலவசச் சிகிச்சை மையம் ஒன்று இருந்தது. அங்கேயே இவளைச் சேர்த்துவிட்டால் என்ன? கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மூன்று பேர் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முதல்வர்.

"சிகிச்சைக்கு வாய்மொழி ஒப்புதல் வேணும். அம்மா, சிகிச்சைக்குச் சம்மதமா?" என்றார் எழுத்தர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஆட்டி, தெளிவாக, "குடை" என்றாள்.

எழுத்தர் முதல்வரைப் பார்த்தார். "பதில் கேள்விக்குப் பொருந்தல சார்."

"சம்மதம்னுதான் சொல்றா" என்றார் கண்டக்டர்.

"அப்படி அவங்க சொல்லலையே. நீங்க சொல்றீங்க. நோயாளியோட குரலுக்கு நாங்க மதிப்புக் குடுக்குற இடம் இது" என்றார் முதல்வர். பிறகு குரலைத் தணித்து, நயமாகவே பேசினார். "அது கிடக்கட்டும். அசல் சிக்கல் வேற. எங்ககிட்ட ரெண்டு பிரிவுதான். சொல்லே இல்லாதவங்க முதல் பிரிவு. அஞ்சு சொல்லுக்கு மேல உள்ளவங்க ரெண்டாம் பிரிவு. உங்க மனைவிகிட்ட ஒரு சொல்லு இருக்கு. முதல் பிரிவுக்கு அது அதிகம், ரெண்டாம் பிரிவுக்குக் குறைச்சல். நாங்க எங்க உக்கார வைப்போம் சொல்லுங்க? நடுவுல ஒரு பிரிவு தொடங்கணும்னா அதுக்குத் தனிக் கட்டிடம் வேணும்."

"அந்த ஒரு சொல்ல வச்சே எல்லாம் பேசுறா சார். கேட்டுப் பாருங்க."

"கேக்கறது எங்க வேலை. எப்படிக் கேக்கணும்னு நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சின்னக் குரலில், தனக்குத்தானே, குடை குடை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது எந்தக் குடை என்று கண்டக்டருக்கு அன்றுதான் முதல் தடவையாகத் தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டு முடியப் போகும்போது அடுத்த இடி விழுந்தது. பயிற்சியாளராகச் செய்முறை முடித்தவர்களுக்குத்தான் பட்டம். கண்டக்டர் ஒரு நாள்கூடப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவில்லை. துறைத்தலைவியிடம் ஓடினார்.

"என்ன பண்றது அங்கிள், நீங்க நோயாளியா அவ்வளவு நல்லா இருந்தீங்க. உங்கள மாணவராக்கி வீணடிக்க எனக்கு மனசே வரல" என்று அவர் உண்மையான பாசத்தோடு சொன்னார்.

"மேடம், என் பொழப்பு இதுலதான் இருக்கு. வீட்ல ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா."

கண்டக்டர் அழுதுவிட்டார். மாணவர் அழுதால் என்ன செய்வது என்று விதியில் இல்லாததால், அவரை முதல்வரிடம் அழைத்துப் போனார்கள். முதல்வர் மேஜையில் கிடந்த விழா அழைப்பிதழைப் புரட்டினார்.

"பட்டமளிப்பு விழாவுக்கு, நம்ம பட்டத்துக்கு அங்கீகாரம் குடுக்குற வாரியத்தோட தலைவர் வர்றாரு. போன வருஷம் நான் பேசும்போது தூங்கிட்டாரு. இந்த வருஷம் கண்ணுக்கு முன்னால ஏதாவது காட்டணும். நீங்க மேடையில உங்க நோயாளியச் செஞ்சு காட்டுங்க. அவர் சந்தோஷப்பட்டா, நீங்க நோயாளியா இருந்த நேரத்தையே செய்முறை நேரமா எடுத்துக்கலாம். சிகிச்சையில நோயாளியும் பாதிதானே?"

"செய்றேன் சார்" என்றார் கண்டக்டர். அவர் இருந்த நிலையில் குட்டிக்கரணம் போடச் சொன்னாலும் போட்டிருப்பார்.

வீட்டில், விழா பெரிய கூட்டம், வெயில், நீ வர வேண்டாம் என்று சொல்லிவைத்தார். மனைவி கோட்டுக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அரங்கு நிறைந்திருந்தது. முதல்வர் மைக்கைப் பிடித்து, "சொல்லற்றவர்களின் வேதனையை எங்கள் மாணவர்கள் எவ்வளவு நெருக்கமாக உணர்ந்திருக்கிறார்கள் என்பதை இப்போது கண்டு மகிழ்வீர்கள்" என்றார். கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாணவி கேட்டாள், "சாப்பிட்டீங்களா?"

"குடை" என்றார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உங்க வீடு எங்க இருக்கு?" "குடை!" சிரிப்பு பரவியது. வாரியத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. சந்தோஷமாக இருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் கத்தி ஒரு பயல் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒரு அரங்கே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபக் குடையை எடுத்து விட்டார். கைதட்டினார்கள். கொஞ்சல் குடையை, கழுத்தைச் சாய்த்து, கண்ணை விரித்து விட்டார். விசில் பறந்தது. வாரியத் தலைவர் தொடையைத் தட்டி, "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்றார். கண்டக்டர், சாயங்காலம் செருப்பு கழற்றும்போது கேட்கும் அந்த மெல்லிய குடையையும் எடுத்துப் போட்டார். அதுவரை அதை வகுப்பில்கூடக் காட்டியதில்லை.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்த ஒரு பெண், பாதிச் சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் அந்தப் பக்கம் பார்த்தார். மைத்துனி. அவளுக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, அவர் மனைவி.

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் கண்டக்டர் பிழைத்திருப்பார். கோபம் இல்லை. வெளியாட்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். இவர் எப்படிப் பார்க்கிறார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அப்படித்தான் அவள் பார்த்தாள். அது உண்மையில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவருக்கு. கத்தினார், நாக்குப் புரளவில்லை. "கு... கு..." என்றுதான் வந்தது. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது.

"நடிப்பு அல்ல இது, பயிற்சி!" என்றார் முதல்வர் மைக்கில்.

"அக்கா உடுத்திக்கிட்டு வந்து வாசல்ல நின்னுட்டா மாமா. நீங்க பட்டம் வாங்குறதப் பாக்கணும்னு அடம். நான் என்ன பண்ணுவேன்?" என்று மைத்துனி வெளியே வந்து அழுதாள்.

பட்டம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பசித்தால் தட்டைத் தொட்டுக் காட்டினாள். வலித்தால் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், சத்தியம் பண்ணினார், தலையில் அடித்துக்கொண்டார். அவள் இடது கையால் அவர் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, புதிதாக அடைப்பு எதுவும் இல்லை என்றார். அது கண்டக்டருக்கு முன்பே தெரியும்.

வேறு வழியில்லாமல் மறுபடி அந்தக் கீழ்த்தளத்துக்கே அழைத்துப் போனார். எழுத்தர் ஏதேதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. முதல்வர் முகம் மலர எழுந்து வந்து கண்டக்டரின் கையைக் குலுக்கினார்.

"பாத்தீங்களா? இப்ப கச்சிதமா முதல் பிரிவு. அன்னிக்கே இப்படி வந்திருந்தா இத்தன அலைச்சல் இருந்திருக்காது. முதல் பிரிவுக்கு வாய்மொழி ஒப்புதலும் வேண்டாம்."

துறைத்தலைவி இன்னும் ஒரு படி மேலே போனார். பழைய மாணவர் என்ற உரிமையில் கண்டக்டரே சிகிச்சை கொடுக்கலாம் என்று அனுமதி வாங்கித் தந்தார். "உங்க முதல் நோயாளி, அங்கிள்! புது பேட்ச் பிள்ளைங்க பாத்துக் கத்துக்கட்டும். உங்க வீட்டம்மா பாடத்திட்டத்துக்கு முன்னாடி ஒரு சொல்லுகூடச் சொல்லிட மாட்டாங்க, இல்ல?"

கண்டக்டர் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள். முதல் பாடத்தின் முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன என்பது. அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மேஜைக்குக் குறுக்கே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"ஒரே ஒரு தடவ சொல்லிடு. என்னத் திட்டுறதுக்காவது சொல்லு. போடா நாயேன்னு அர்த்தம் வச்சுச் சொல்லு. நான் புரிஞ்சுக்குவேன்."

அவள் உதடு அசைந்தது. கண்டக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். அவள் கண் அவரைத் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்குப் போயிற்று. அதற்குப் பின்னால் புதுப் பிள்ளைகள் நோட்டைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.